புழுவுக்கு அளவெடுத்தல்

மலையகத் தேயிலையின் வேரைத் துளைத்துத் தின்னும் ஒரு புழுவுக்கு இருபது ஆண்டுகளுக்குள் மூன்று பெயர்கள். 1941 இல், தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்திலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த காட், லூஸ் என்ற இருவர் அதன் வாழ்க்கை வட்டத்தைப் பற்றி எழுதியபோது அங்கில்லுலினா பிரட்டென்சிஸ் என்று குறித்தார்கள். அது ஐரோப்பியப் புல்வெளிகளில் கண்ட புழுவின் பெயர். அடுத்த பத்தாண்டில் அதே புழு பிரட்டிலெங்கஸ் கோஃபியே ஆனது. ஜாவாவின் கோப்பி வேர்களிலிருந்து 1898 இல் விவரிக்கப்பட்ட புழு அது. 1960 இல் நெதர்லாந்தைச் சேர்ந்த லூஃப் என்ற ஆய்வாளர் இது இரண்டும் அல்ல, தனி இனம் என்று காட்டி, தலவாக்கலையில் உழைத்த லூஸைக் கௌரவித்துப் பிரட்டிலெங்கஸ் லூசி என்று பெயரிட்டார். (லூஸ், லூஃப், லூசி என்று வாய் குழறினால் குற்றம் நம்முடையதல்ல.) இவ்வளவு காலமும் வேருக்குள் இருந்த புழு மாறவே இல்லை. அதன் உடலில் எதை அளப்பது, எந்த நிலையில் வைத்து அளப்பது, எந்த அளவை நம்புவது என்பதில்தான் தெளிவு பிறந்தது. எலும்பும் ஓடும் இல்லாத உயிருக்கு நீளம், அகலம் என்பவை கிடைத்த இடத்தில் பொறுக்கியெடுக்கக்கூடிய தகவல்கள் அல்ல. அளப்பவர் ஒரு நிலையை உண்டாக்கி, அந்த நிலையில் அளந்த எண்ணைத்தான் நமக்குத் தருகிறார். அந்த நிலையைச் சொல்லாத எண்ணை நம்ப முடியாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

இதை விளங்கிக்கொள்ள வேருக்குள் போவதற்கு முன் மலைப்பாதையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. மழை நாளில் கொழுந்தெடுப்பவர்களின் காலில் ஏறும் அட்டைக்கு விலங்கியலில் ஹீமடிப்சா சைலானிகா என்று பெயர். பெயரிலேயே சிலோன் இருக்கிறது. அது சுருண்டு கிடக்கும்போது ஒரு பயறு. இரத்த வாடைக்கு எழுந்து நின்று துழாவும்போது ஒரு நூல். வயிறு முட்டக் குடித்தபின் உருண்டைத் திராட்சை. இந்த மூன்றில் எது அதன் நீளம்? சராசரி எடுத்தால் ஆயிற்று என்று தோன்றலாம். ஆனால் அந்தச் சராசரி எந்தக் கணத்திலும் அந்த அட்டை இருந்திராத ஒரு நீளமாகவே இருக்கும். உப்பிலோ கடுஞ்சாராயத்திலோ திடீரெனப் போட்டால் அட்டை முழுவதுமாகச் சுருங்கிச் சாகும். மெல்லிய சாராய நீரில் மெதுவாக மயக்கினால் தளர்ந்து நீளும். ஆக, சாகடித்த விதம்தான் நீளத்தைத் தீர்மானிக்கிறது. அட்டைகளை வகைப்படுத்துவோர் இதைச் சமாளிக்கக் கண்ட வழி எளிமையானது: நீளத்தை விட்டுவிட்டு எண்ணத் தொடங்கினார்கள். உடலின் நடுப்பகுதியில் ஒவ்வொரு துண்டத்துக்கும் எத்தனை வளையம், ஆண் துளைக்கும் பெண் துளைக்கும் இடையே எத்தனை வளையம், தாடை எத்தனை? நமது அட்டைக்கு நடு உடலின் முழுத் துண்டம் ஒவ்வொன்றிலும் ஐந்து வளையங்கள், வாயில் மூன்று தாடைகள். அட்டை நீண்டாலும் சுருங்கினாலும் ஐந்து ஆறாகாது.

வட்டப்புழு, தமிழ்நாட்டு வேளாண் நூல்கள் நூற்புழு என்று சொல்வது, அட்டையைப் போல் இவ்வளவு பிடிகொடுக்காத உயிர் அல்ல. அதற்குக் காரணம் உடலின் கட்டமைப்பு. அட்டைக்கும் மண்புழுவுக்கும் நீளவாக்கில் ஓடும் தசைகளும் சுற்றிவளைத்து ஓடும் தசைகளும் உண்டு. ஒன்று இறுக மற்றது தளர, உள்ளிருக்கும் திரவம் அங்குமிங்கும் தள்ளப்பட்டு உடல் நீளும், குறுகும். வட்டப்புழுவுக்குச் சுற்றுத் தசை கிடையாது. நீளத் தசை மட்டும்தான். அதை எதிர்த்து நிற்பது உள்ளே அடைபட்ட திரவத்தின் அழுத்தமும் வெளியே இறுகப் பிடித்திருக்கும் புறத்தோலும். மனிதக் குடலில் வாழும் பெரிய வட்டப்புழுவான அஸ்காரிஸின் புறத்தோலை 1957 இல் ஆராய்ந்த ஹாரிஸ், குரொஃப்டன் இருவரும், அதில் நார்கள் குறுக்குமறுக்காகச் சுருள்போல் ஓடுவதையும், அவை உடலின் அச்சோடு ஏறத்தாழ 75 பாகை கோணத்தில் சாய்ந்திருப்பதையும் காட்டினார்கள். அந்தக் கோணத்தில் பின்னிய குழாய் பக்கவாட்டில் எளிதில் பருக்காது. ஆகவே தசை இறுகும்போது வட்டப்புழு பெரிதாக நீளவோ தடிக்கவோ இயலாமல் வளைந்து கொடுக்கிறது. அலையலையாக நெளிவது ஒன்றே அதற்குத் தெரிந்த நடை. உடலை நீட்டாமல் வளைக்கும் உயிருக்கு, வளைவை நிமிர்த்தினால் நீளம் கிடைத்துவிடும். மென்னுடலிகளில் வட்டப்புழுக்களை மட்டும் எண்களால் விவரிக்கும் மரபு இவ்வளவு வலுவாக வேரூன்றியதற்கு இந்த இயற்பியலே அடிப்படை.

அந்த மரபைத் தொடங்கியவர் டச்சு விலங்கியலாளர் டி மான் (1850–1930). அவர் முழு நீளத்தை மற்ற அளவுகளால் வகுத்தார். நீளத்தை அதிகபட்ச அகலத்தால் வகுத்தால் ‘ஏ’: புழு எவ்வளவு ஒல்லி என்பதன் அளவு. நீளத்தை உணவுக்குழாயின் நீளத்தால் வகுத்தால் ‘பி’. வாலின் நீளத்தால் வகுத்தால் ‘சி’; இது பெரிதாக இருந்தால் வால் குட்டை. பின்னாளில் இவற்றோடு ‘வி’யும் சேர்ந்துகொண்டது: பெண்புழுவின் பிறப்புத்துளை தலையிலிருந்து உடல் நீளத்தின் எத்தனையாவது சதவீதத்தில் இருக்கிறது என்பது. நமது புழுவின் அளவில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 560 மைக்ரோமீற்றர் நீளம், அதாவது அரை மில்லிமீற்றரைச் சற்றுத் தாண்டியது, அகலம் 18, வால் 28, பிறப்புத்துளை தலையிலிருந்து 460. ‘ஏ’ 31, ‘சி’ 20, ‘வி’ 82. இந்த மூன்று எண்களையும் பார்த்தவுடன், ஒல்லியான, வால் குட்டையான, துளை மிகவும் பின்தள்ளிய ஒரு புழுவின் உருவம் பழகிய கண்ணுக்கு எழும்பிவிடும். லூசிக்குப் பொருந்தும் உருவம் அது. கோஃபியேயோடு ஒப்பிடும்போது லூசி ஒல்லியானது, துளை சற்றே பின்னால் இருப்பது, வால் நுனி கூடுதலாகக் குறுகியது. ‘சற்றே’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். இரண்டு இனங்களின் அளவு வீச்சுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. இந்தச் சற்றே வேறுபாட்டைக் காட்டும் எண், அளந்தவரின் கைப்பிழையால் கெட்டுவிடுமானால், எல்லா உழைப்பும் வீண்.

கைப்பிழை எங்கெல்லாம் நுழைகிறது என்று பார்த்தால்தான் இந்த வேலையின் நுணுக்கம் விளங்கும். தேயிலை வேரைச் சிறு துண்டுகளாக நறுக்கி, புனலில் மெல்லிய துணியின்மேல் நீரில் அமிழ வைத்தால், புழுக்கள் நெளிந்து வெளியேறிக் கீழே உள்ள றப்பர் குழாயில் வந்து தங்கும். பேர்மன் என்பவர் 1917 இல் ஜாவாவில் வகுத்த முறை இது. இன்றும் இதற்குச் செலவு மிகக் குறைவு. அடுத்து, உயிரோடு நெளியும் புழுவை அளக்க முடியாது, கொல்ல வேண்டும். குளிர்ந்த போர்மலினில் போட்டால் முறுக்கிக்கொண்டு சாகும். அதனால் மிதமான சூட்டில், உள்ளுறுப்பு வேகாமல் தசை மட்டும் ஒரேயடியாகத் தளரும்படி, நொடிப்பொழுதில் கொல்கிறார்கள். சூடு கூடினால் உள்ளே எல்லாம் மங்கி, உணவுக்குழாய் எங்கே முடிகிறது என்பதே தெரியாமல் போகும். பிறகு போர்மலின் கலவையில் பதப்படுத்தி, நீரை மெல்ல மெல்ல வெளியேற்றி கிளிசரினுக்கு மாற்றுவார்கள். அவசரப்பட்டால் புழு உலர்ந்த மிளகாய்போல் சுருங்கிவிடும். கடைசியாக மூடுகண்ணாடி. புழுவின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. மேலே வைக்கும் கண்ணாடியின் எடையே அதை நசுக்கப் போதும். ஆகவே புழுவைச் சுற்றி அதே தடிப்புள்ள கண்ணாடி நார்த் துண்டுகளை முட்டுக்கொடுத்து வைக்கிறார்கள். கூரைக்குத் தூண் போல.

அந்தத் தூண் இல்லாவிட்டால் என்ன ஆகும்? 18 மைக்ரோமீற்றர் அகலமுள்ள புழு நசுங்கி 20 ஆகத் தெரியும். வித்தியாசம் இரண்டு மைக்ரோமீற்றர்தான். ஆனால் ‘ஏ’ 31 இலிருந்து 28 ஆக இறங்கிவிடும். ஒல்லிப் புழு தடித்த புழுவாகிவிடும். லூசியைக் கோஃபியே என்று எழுதிவைக்க இதுவே போதும். மாறாக, பதப்படுத்தும்போது புழு நீளவாக்கில் முழுவதும் ஒரே சீராக நூற்றுக்கு ஐந்து குறுகினால் ‘வி’ அசையாது. துளையின் தூரமும் நீளமும் சேர்ந்தே குறைவதால் சதவீதம் அப்படியே நிற்கும். ஒரே தவறு ஓர் எண்ணைக் கெடுக்கிறது, இன்னொன்றைத் தொடாமல் விடுகிறது. எண்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்புக் கொடுத்து அட்டவணையில் வரிசையாக அச்சிடும் வழக்கம் இந்த ஏற்றத்தாழ்வை மறைத்துவிடுகிறது என்பது என் குறை. ஓர் அட்டவணையைப் படிப்பவர் ‘ஏ’க்கு முன்னால் சற்றுத் தயங்கவும், ‘வி’யைக் கூடுதலாக நம்பவும் பழக வேண்டும்.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் உண்டு. விகிதங்கள் சுருக்கத்தை ஈடுசெய்கின்றன என்பது சரி; வளர்ச்சியை ஈடுசெய்கின்றனவா? உடலின் எல்லாப் பாகங்களும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. குழந்தையின் தலையும் காலும் வளரும் விகிதம் வேறு வேறு என்பதைப் போலத்தான். இரண்டு புழுக்கள், இரண்டுக்கும் வால் 28 மைக்ரோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றின் நீளம் 480, மற்றதன் நீளம் 640. முதலாவதன் ‘சி’ 17, இரண்டாவதன் ‘சி’ 23. வாலில் எந்த வேறுபாடும் இல்லாதபோதே, வால் வேறுபட்டதாக எண் சொல்கிறது. நன்றாகத் தீனி கிடைத்த புழுவும் காய்ந்த வேரில் கிடந்த புழுவும் இரு இனங்களாகக் காகிதத்தில் பிரிந்துபோகும் ஆபத்து இது. ஆட்சேபத்தை மறுக்க முடியாது. ஆனால் இதிலிருந்து அளவே வீண் என்ற முடிவுக்குப் போவது அவசரம். எந்த அளவு எவ்வளவு ஆடுகிறது என்பதையே அளந்து பார்க்கலாம். 1969 இல் ரோமன், ஹிர்ஷ்மன் இருவரும் பிரட்டிலெங்கஸ் பேரினத்தின் ஆறு இனங்களை எடுத்து அதைத்தான் செய்தார்கள். ‘வி’யும், புழு வேரைத் துளைக்கப் பயன்படுத்தும் குத்தூசியின் நீளமும் மிகக் குறைவாக ஆடுவதாகத் தெரிந்தது. குத்தூசி இந்த மென்மையான உடலில் இறுகிய பாகம், லூசியில் ஏறத்தாழ 16 மைக்ரோமீற்றர். கிளிசரினோ கண்ணாடியோ அதை அதிகம் மாற்றாது. துளையின் இடம் விகிதமாக நிலைப்பது, வளரும்போது அதற்கு முன்னும் பின்னும் உள்ள பகுதிகள் ஒன்றையொன்று அனுசரித்து வளர்வதால் இருக்கலாம்.

எண்ணக்கூடியதை எண்ணு என்ற அட்டைப் பாடமும் இங்கே வந்து சேர்கிறது. பிரட்டிலெங்கஸின் உதட்டுப் பகுதியில் நுண்ணிய வளையங்கள் இருக்கும். ஐரோப்பியப் புல்வெளிப் புழுவுக்கு மூன்று. தேயிலைப் புழுவுக்கு இரண்டு. மூன்றும் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியாது. நசுக்கினாலும் மூன்று இரண்டாகாது. முதல் பெயர் விழுந்ததற்கு இத்தகைய எண்ணிக்கை அடையாளங்களே போதுமானவை. இரண்டாவது பெயரை வீழ்த்துவதுதான் கடினமாக இருந்தது. கோஃபியேக்கும் இரண்டு வளையங்கள்தான். அங்கே எண்ணிக்கை கைவிட்ட இடத்தில் ஒல்லியும் துளையின் இடமும் வால் நுனியும் சேர்ந்து சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. இதில் ஒரு வேடிக்கை: அந்தப் புல்வெளிப் புழுவை 1880 இல் விவரித்தவர் விகிதங்களைக் கண்டுபிடித்த அதே டி மான்தான். தலவாக்கலைப் புழு அவருடைய புழு அல்ல என்பதைத் தீர்க்க உதவிய கணக்கும் அவர் தொடங்கி வைத்ததே. பேரினப் பெயரான பிரட்டிலெங்கஸில் மட்டும் புல்வெளியைக் குறிக்கும் இலத்தீன் அடி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பெயர் எதுவாக இருந்தால் என்ன, வேர் அழுகுவது அழுகத்தானே செய்யும் என்று தோட்டத்துக்காரர் கேட்கலாம். நியாயமான கேள்வி, ஆனால் இனத்தின் பெயர் என்பது ஓர் எதிர்பார்ப்பின் பெயர். கோஃபியே வாழை, கிழங்கு, கோப்பி என்று பலவற்றில் வாழும் வெப்பநாட்டுப் புழு. இது கோஃபியேதான் என்று நம்பினால் தாழ்நாட்டுத் தேயிலைக்கே முதலில் அஞ்ச வேண்டும். மலையகத்தில் நடப்பதோ நேர்மாறு. 1963 இல் ஹட்சின்சனும் வைத்திலிங்கமும் இலங்கைத் தோட்டங்களில் லூசியின் பரவலை மண்ணின் வெப்பநிலையோடு சேர்த்து ஆராய்ந்தார்கள். குளிர்ந்த மண்ணே இதற்கு உகந்தது. ஏறத்தாழ 900 முதல் 1800 மீற்றர் உயரம் வரையான தோட்டங்களில்தான் இதன் தொல்லை. அட்டனும் தலவாக்கலையும் இந்தப் பட்டைக்கு நடுவே கிடக்கின்றன. நுவரெலியா நகரம் 1868 மீற்றரில் அதன் மேல்விளிம்பைத் தொட்டு நிற்கிறது. நல்ல வாசத்துக்குப் பெயர்போன தேயிலை விளையும் குளிரே இந்தப் புழுவுக்கும் பிடித்த குளிர். இன்னொன்று: பழைய செடிகளைப் பிடுங்கிவிட்டு மறுநடுகைக்கு முன் மண்ணைத் தேற்ற மானாப் புல்லோ கௌத்தமாலாப் புல்லோ வளர்ப்பது மலையக வழக்கம். புழு உண்மையிலேயே புல்வெளிப் புழுவாக இருந்தால் அந்தப் புல்லே அதற்கு விருந்தாகிவிடுமோ என்று அஞ்ச வேண்டியிருக்கும். எந்தச் செடி விருந்து, எது பட்டினி என்பதை இனத்துக்கு இனம் தனித்தனியே சோதித்தாக வேண்டும். 1959 இல் விசரும் வைத்திலிங்கமும் செவ்வந்திக் குடும்பத்துச் செண்டுப்பூ முதலிய பயிர்கள் தேயிலை மண்ணின் புழுத்தொகையை என்ன செய்கின்றன என்று பார்த்து, நிலையத்தின் ‘டீ குவாட்டர்லி’ இதழில் எழுதினார்கள். அப்படிப்பட்ட சோதனையின் முடிவை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டுமானால், இரண்டு இடத்திலும் இருப்பது ஒரே புழுதான் என்ற உறுதி முதலில் வேண்டும்.

அந்த உறுதியை இன்று டி.என்.ஏ. தருமே, இந்த முட்டுக் கண்ணாடிக் கதையெல்லாம் பழங்கதை என்பது அடுத்த ஆட்சேபம். லூசி இலங்கையோடு நிற்கவில்லை. ஜப்பானின் ஷிஸுஓகா, ஈரானின் கீலான் தேயிலைப் பகுதிகளிலும் உண்டு. அங்கங்குள்ள புழுக்கள் ஒன்றா வேறா என்று பார்க்க மரபணு வரிசை மிகச் சிறந்த கருவிதான். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிபவற்றை அது பிரித்தும், வேறாகத் தெரிபவற்றைச் சேர்த்தும் காட்டும். ஆனால் மரபணு வரிசைக்குப் பெயர் தானாக எழுதப்பட்டு வருவதில்லை. ஒரு வரிசையை லூசி என்று அழைக்கிறோம் என்றால், அந்தப் புழுவை யாரோ ஒருவர் நுணுக்குக்காட்டியில் வைத்து, லூஃப் தந்த அளவுகளோடு ஒப்பிட்டு, ஆம் என்று சொல்லியிருக்கிறார் என்று பொருள். அந்த முதல் ஒப்பீடு பிழைத்தால் பிழையான பெயரோடு வரிசை தரவுத்தளத்தில் ஏறி, பின்னால் வரும் எல்லோரையும் அதே பிழைக்கு இழுத்துச் செல்லும். டி.என்.ஏ. அளவீட்டின் சுமையைக் குறைக்கிறது. ஒருமுறையாவது அதைச் சரியாகச் செய்ய வேண்டிய கடமையைக் கூட்டவே செய்கிறது.

இதுவரை வளைவை ஓர் இடையூறாகவே பேசினோம். நிமிர்த்திவிட்டு அளக்க வேண்டிய ஒன்றாக. வளைவே தகவலாகும் இடங்களும் உண்டு. சூட்டில் தளர்ந்து சாகும்போது ஒவ்வொரு பேரினமும் தனக்கே உரிய ஒரு கிடையில் கிடக்கும். பிரட்டிலெங்கஸ் கிட்டத்தட்ட நேராக. தேயிலை மண்ணிலேயே காணப்படும் ஹெலிக்கோட்டிலெங்கஸ் முறுக்குப்போல் சுருண்டு. பழகியவர் ஒரு துளி நீரைப் பார்த்த பார்வையில் இதை வைத்தே பாதி வேலையை முடித்துவிடுவார். உயிருள்ள புழுவின் நெளிவையும் கணக்குக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆய்வுக்கூடங்களின் செல்லப்பிள்ளையான சீனோரப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற வட்டப்புழுவைப் படம்பிடித்து, அதன் நடுக்கோடு ஒவ்வொரு புள்ளியிலும் எந்தப் பக்கம் எவ்வளவு திரும்புகிறது என்று 2008 இல் ஸ்டீபன்ஸும் கூட்டாளிகளும் பகுத்தார்கள். எண்ணற்றதாகத் தோன்றும் அதன் நெளிவுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு, வெறும் நான்கு அடிப்படை வளைவுகளின் கலவைகளே என்று தெரிந்தது. இனங்காண்பவர் துடைத்தெறியும் நெளிவு, நடத்தையை ஆராய்பவருக்கு முழுச் செய்தி. மென்னுடலில் வடிவம் எது, தோரணை எது என்ற கோட்டைக் கேள்வி கேட்பவர்தான் கிழிக்கிறார்.

சில வேளை உயிரே அந்தக் கோட்டை அழித்துவிடும். 1953 இல் லூஸ், முதிர்ந்த தேயிலையின் வேரில் முடிச்சுகளை உண்டாக்கும் இன்னொரு வட்டப்புழுவை இலங்கையிலிருந்து விவரித்து, மெலோய்டோகைனி பிரெவிகௌடா என்று பெயரிட்டார். பிரெவிகௌடா என்றால் குட்டைவால். தவறணைக் கன்றுகளைத் தாக்கும் இதன் உறவினங்களின் குஞ்சுகளுக்கு நீண்டு கூர்ந்த வால். இதன் குஞ்சுக்கு மொட்டையான சிறு வால். குஞ்சு நூல்போல் மெலிந்தது, டி மானின் விகிதங்களெல்லாம் அதற்கு அழகாகப் பொருந்தும். வேருக்குள் நுழைந்து ஓரிடத்தில் தங்கியதும் பெண்புழு ஊதத் தொடங்கி, பேரிக்காய்போல் உருண்டு, அசைவையே மறந்துவிடுகிறது. இப்போது நீளத்தை அகலத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. ‘சி’யைக் கணக்கிடவோ வகுப்பதற்கு வால் கிடையாது. அதனால் முடிச்சுப் புழுக்களின் தாய்களை இனங்காண ஆய்வாளர்கள் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு, பின்முனைத் தோலைச் சிறு துண்டாக வெட்டியெடுத்து, அதிலுள்ள வரிகளைக் கைரேகை பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். குட்டைவால் என்ற பெயரோ அந்த வாலில்லாத தாய்க்கும் சேர்த்துத்தான்.